ஒரே காலையில் பறவைப் புகைப்படக் கலைஞர் ஆவது எப்படி?

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டது. ஏரிகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது. சம்பா வயல்கள் பச்சை கட்டி நிற்கின்றன. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கிவிட்டதாக வாட்சப்பில் செய்தியும் வந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே போய்வந்து புரொஃபைல் படத்தை மாற்றிவிட்டார்கள். இனியும் நீங்கள் சும்மா இருக்கலாமா?

கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள். இவற்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் சேர்த்து முறைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

1. முதலில் லென்ஸ் வாங்குங்கள்

பறவைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வருடக்கணக்கில் ஆகும். லென்ஸ் வாங்க ஒரு சாயங்காலம் போதும். ஆகவே 600 எம்.எம். லென்ஸ் ஒன்றை மாதத் தவணையில் எடுத்துவிடுங்கள். தவணை ஓடும்வரை ஆர்வமும் ஓடும்.

பைனாகுலர் வாங்கவே வாங்காதீர்கள். அதில் படம் பதிவாகாது; வெறுமனே பார்க்கத்தான் முடியும். பார்த்துவிட்டு வருவதற்கா இவ்வளவு செலவு? பறவைக் கையேடும் வேண்டாம், பை கனக்கும். லென்ஸோடு வந்த விளக்கப் புத்தகத்தை உறை பிரிக்காமல் வைத்திருங்கள். பின்னால் விற்கும்போது நல்ல விலை போகும்.

அடுத்து உடை. தொப்பி முதல் காலுறை வரை இலை தழை அச்சிட்ட கேமோ துணியாக இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு, கேமராவைத் தோளில் மாட்டி, நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு செல்ஃபி எடுங்கள். அன்றைக்கு நீங்கள் எடுக்கப்போகும் படங்களில் கூர்மையான ஃபோக்கஸ் உள்ளது அதுவாகத்தான் இருக்கும்.

2. பத்தரை மணிக்குப் போய்ச் சேருங்கள்

சரணாலயத்தைக் காலை 6 மணிக்கே திறக்கிறார்கள். அது அங்கே வேலை பார்ப்பவர்களின் கவலை. நீங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் பொங்கல், வடை, டிகிரி காப்பி எல்லாம் முடித்துக்கொண்டு படாளம் கூட்டுரோட்டில் நிதானமாகத் திரும்புங்கள்.

விடியற்காலை வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரும், மெதுவாக வரும், இறகின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டும் என்பார்கள். அளவைப் பாருங்கள். உச்சி வெயிலில் எத்தனை மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது! கொக்கின் வெள்ளை வெந்து வெறும் சுண்ணாம்பாகும். நீர்க்காகம் கரித்துண்டாகும். சூடேறிய ஏரிப்பரப்பின் மேல் காற்று நெளியும். தூரத்து மரத்தில் இருக்கும் கூழைக்கடா படத்தில் நடனமாடும். லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டி, இன்னும் விலை கூடிய ஒன்றுக்கு அப்போதே நண்பரிடம் விசாரியுங்கள்.

கார்த்திகை ஆயிற்றே, வானம் மூடிக்கொண்டிருந்தால்? மேகம் வெளிச்சத்தை வடிகட்டிச் சீராக இறக்கும், நிழல் கடுமையாக விழாது, நாரையின் இறக்கையில் உள்ள மெல்லிய நிறங்கள் அப்போதுதான் தெரியும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் பின்னணியில் நீலம் இருக்காது. காரைத் திருப்புங்கள்.

3. கூட்டமாகப் போங்கள்

தனியாகப் போனால் பேச ஆள் இருக்காது. பேச ஆள் இல்லாவிட்டால் காது கேட்க ஆரம்பித்துவிடும். காது கேட்டால் பறவை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு தேடுவதில் என்ன சுவாரஸ்யம்?

ஆகவே இரண்டு கார் நிறைய ஆட்களைச் சேருங்கள். சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தி வரச் சொல்லுங்கள். நீங்கள் போட்டிருக்கும் கேமோ உடை அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். ஏரிக்கரைமேல் நடக்கும்போது முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரிடம், “டேய், இங்க ஒண்ணு உட்கார்ந்திருக்குடா!” என்று கத்திச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர் ஓடிவந்து, “எங்கடா?” என்று கேட்க வேண்டும். “இப்பத்தான் போச்சு” என்பது சரியான பதில்.

4. ஊர் சேர்த்துவைத்த அமைதியைச் செலவழியுங்கள்

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். வேடந்தாங்கல் மொத்தம் 30 ஹெக்டேர் அளவுள்ள ஏரி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஏற்றுக்கொண்டார். 1936-இல் சரணாலயம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஆதாயம் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. நெல்லுக்கு அதுவே உரம். பறவையும் பயிரும் ஒரே தண்ணீரில் ஓடும் ஒரே கணக்கு என்று புரிந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்திருக்கிறார்கள். வேடந்தாங்கலில் மட்டுமல்ல, திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியிலும் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அங்கே பிள்ளைகள் மத்தாப்போடு பண்டிகையை முடித்துக்கொள்கிறார்கள்.

இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த அமைதி யாருக்காக? உங்களுக்காகத்தான். கரையோரமாகக் காரை நிறுத்தி ஒரு தடவை நீளமாக ஹாரன் அடியுங்கள். பாட்டுப் பெட்டியைத் திறந்துவையுங்கள். அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்கு மேலே டிரோன் விடக்கூடாது என்பார்கள். கரைக்கு வெளியே இருந்து கிளப்புங்கள், உள்ளே போவது டிரோன்தானே? ஏரி முழுக்க ஒரே நேரத்தில் எழும்பும். பத்து விநாடி வீடியோ. பின்னணிக்கு வீணை இசை சேர்த்தால் ஆன்மிகமாகவும் இருக்கும்.

5. செட்டிங்ஸைத் தொடாதீர்கள்

கேமரா விலை என்ன, உங்கள் அனுபவம் என்ன? யார் சொல்வதை யார் கேட்பது? எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

கரும்பச்சை வயலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா வயலைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெடித்து வெளுத்துப்போகும். வெளுத்த வானத்துக்கு எதிரே கூழைக்கடா பறந்தால் வானத்தைப் பார்த்து ஏமாந்து குறைக்கும். கூழைக்கடா நிழல்பொம்மையாகும். எக்ஸ்போஷரை முதலாவதற்குக் குறைத்து, இரண்டாவதற்குக் கூட்ட ஒரே ஒரு சக்கரம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் பறவை போய்விடும். தேடாதீர்கள். அது எப்படியும் போய்விடும்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 வேண்டும் என்று சொல்வார்கள். உங்கள் கேமரா 1/60-இல் நிற்கட்டும். படம் கலங்கினால் “மோஷன் பிளர்” என்று பெயர் வைத்து, கருத்துகளில் “இது வேண்டுமென்றே செய்தது” என்று எழுதுங்கள். ஃபோக்கஸ் கண்ணில் விழ வேண்டியதில்லை. வாலும் பறவையின் உறுப்புத்தான்.

தரையோடு தரையாக உட்கார்ந்து பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால் பின்னணி விலகிப் பறவை தனித்து நிற்கும். ஆனால் கார்த்திகைச் சேறு பேன்ட்டில் அப்பினால் லேசில் போகாது. நின்றபடியே எடுங்கள். எல்லாப் பறவைக்கும் முதுகு இருக்கிறது.

6. காத்திருக்காதீர்கள்

பொறுமை என்பது நேரம் நிறைய உள்ளவர்களின் பொழுதுபோக்கு. உங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு மதுராந்தகம் போக வேண்டும்.

வயல் ஓரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை நிற்கிறது என்று வையுங்கள். தலையைக் குனிந்து சேற்றுத் தண்ணீரில் அலகை விட்டுத் துழாவும். நத்தை அகப்பட்டால் ஓட்டை உடைக்காது. தண்ணீருக்குள்ளேயே அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூர்நுனியை உள்ளே செலுத்தி, சதையை மட்டும் உருவி எடுக்கும். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற அந்த இடைவெளி குஞ்சுகளுக்கு இருக்காது. வளர்ந்த பிறகுதான் விழும். இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் வரப்பில் ஆடாமல் அசையாமல் அரை மணி நேரம் உட்கார வேண்டும். அரை மணியில் உங்கள் கேமரா ஆயிரக்கணக்கில் சுடும். நாரை தலையைத் தூக்கிய கணத்தில் பர்ஸ்ட் மோடில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஒரே நாரை, ஒரே கோணம், நானூறு படம். நகருங்கள்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்ப் படங்களைக் கருப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அங்கங்கே கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தனக்கான கேமராவைத் தானே கட்டிக்கொண்டார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் தொடங்கி 1996-இல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றி ஒரே பத்தியை எழுதிக்கொண்டிருந்தார். அணிலையும் காகத்தையும்கூட விடவில்லை. நாற்பத்தாறு வருடம்! அவருக்கு எத்தனை ஃபாலோயர்கள் இருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

7. கிராமத்தைக் கிராமமாக்குங்கள்

பறவை அலுத்துவிட்டால் கிராமிய அழகுக்குத் திரும்புங்கள். ஒரு சிக்கல்: உண்மையான கிராமம் கிராமம் மாதிரி இருக்காது. பெரியவர் கையில் செல்போன் இருக்கும். மாட்டுத் தொழுவத்தில் பைக் நிற்கும். நீங்கள்தான் திருத்த வேண்டும்.

ஆடு மேய்த்து வருகிற பெரியவரை நிறுத்துங்கள். “தாத்தா, அந்தப் பனைமரத்துகிட்ட போய் மறுபடி நடந்து வாங்க. தலையைக் கொஞ்சம் குனிஞ்சிக்கங்க. முகத்தை சோகமா வச்சிக்கங்க.”

“எதுக்கு தம்பி சோகம்? போன வாரந்தான் பேத்திக்குக் கல்யாணம் முடிஞ்சிது.”

விடாதீர்கள். ஆடுகளை ஓட்டிப் புழுதி கிளப்பச் சொல்லுங்கள். மழைக்காலத்து ஈர மண்ணில் புழுதி எப்படிக் கிளம்பும் என்று அவர் கேட்டால், கோடையில் வருகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். படம் அனுப்புவதாகச் சொல்லுங்கள். அனுப்பாதீர்கள்.

அடுத்து, களை எடுக்கிற பெண்கள். குனிந்த முதுகு வரிசையாக இருக்கும், வண்ணப் புடவை இருக்கும், சேற்றுத் தண்ணீரில் வானம் தெரியும். நேராக வயலுக்குள் இறங்குங்கள். வரப்பு அவர்களுக்கு, உங்களுக்குக் கோணம் முக்கியம். காலடியில் நாலு தூர் பயிர் சாய்ந்தால் பரவாயில்லை, உள்ளே பச்சையாக இன்னும் எவ்வளவோ இருக்கிறது. “அக்கா, எல்லாரும் நிமிர்ந்து சிரிங்க, அப்புறம் வேலையைப் பாருங்க” என்று சொல்லுங்கள். “ஏம்ப்பா, போட்டோ புடிச்சா களை தானா வந்துடுமா?” என்று அவர்கள் கேட்கக்கூடும். அதை அப்படியே தலைப்பாக வைத்து, “வெள்ளந்தி மனிதர்கள்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், படத்தின் மனநிலை கெட்டுவிடும்.

8. உட்கார்ந்திருப்பதைப் பறக்கவிடுங்கள்

திரும்பும் வழியில் மின்கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்புதான் கண்ணில் படும். இறக்கையை விரித்தால்தான் அந்த நீலம் பட்டை பட்டையாகத் திறக்கும். அது தானாகப் பறக்கும். வெட்டுக்கிளியைக் கண்டதும் கம்பியிலிருந்து சரிந்து இறங்கும், பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே இடத்துக்கு வந்து உட்காரும். அதைத் தெரிந்துகொண்டவர் காரை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளே இருந்தபடியே ஜன்னலில் லென்ஸை வைத்துக் காத்திருப்பார். காரைக் கண்டு பறவைகள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மனிதர் இறங்கினால்தான் பயம்.

நீங்கள் இறங்குங்கள். கதவை ஓங்கிச் சாத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் சாலையோரம் கல் கிடக்கும். நண்பரை எறியச் சொல்லிவிட்டு நீங்கள் கேமராவைத் தயாராக வையுங்கள். கிடைக்கிற படத்தில் பனங்காடை உங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். ஐந்தாம் படியை நினைவில் வையுங்கள்: எல்லாப் பறவைக்கும் முதுகு இருக்கிறது.

9. ஒளிந்திருப்பதைக் கூப்பிடுங்கள்

ஊருக்குப் பின்னால் இருக்கும் தோப்பில், சருகு மூடிய தரையில், ஆறுமணிக்குருவி இருக்கலாம். காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை. நடு இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து பறந்து, மழைக்காலத்தில் இங்கே வந்து சேர்கிறது. சில வந்த களைப்பில் சென்னை வீட்டு மாடிகளில் விழுந்து கிடப்பதும் உண்டு.

அப்படி வந்து சேர்ந்த பறவை தனக்கென்று ஒரு துண்டு நிழலைப் பிடித்துவைத்திருக்கிறது. உங்கள் செல்போனில் அதன் குரல் இருக்கிறது. ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து ஓடவிடுங்கள். வேறொரு குருவி தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டது என்று நினைத்து அது இரை பொறுக்குவதை விட்டு வெளியே வரும், இல்லாத எதிரியைத் தேடும், பதில் குரல் கொடுக்கும், மறுபடி தேடும். நீங்கள் நிறுத்தாதீர்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் செல்போனோடு வரிசையில் நிற்கிறார்கள்; அவர்களும் நிறுத்த மாட்டார்கள். குருவிக்கு அன்றைக்கு இரை கிடைக்காவிட்டால் என்ன, உங்களுக்கு லைஃபர், அதாவது வாழ்வில் முதல்முறை பார்க்கும் பறவை, கிடைத்துவிட்டது.

10. கூட்டை நெருங்குங்கள்

சரணாலயத்தில் கூடு கட்டும் மரங்கள் தண்ணீருக்கு நடுவே நிற்கின்றன, கரையில் காவலர் நிற்கிறார். ஆகவே காவல் இல்லாத ஊர்க்குளம் ஒன்றைப் பிடியுங்கள். மழையில் குளம் நிறைந்ததும் முக்குளிப்பான் தண்ணீர்மேலேயே கூடு கட்டும். பாசியையும் அழுகிய தழையையும் குவித்த ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். பார்த்தால் குப்பை மிதக்கிறது என்றே தோன்றும்.

கூட்டை விட்டு இறங்கும்போது முக்குளிப்பான் ஒரு காரியம் செய்யும். பக்கத்தில் கிடக்கும் ஈரத் தழையை அலகால் இழுத்து இழுத்து முட்டைகள் மேல் போட்டு மூடிவிட்டுத்தான் போகும். மேலே பறக்கிற பருந்துக்கும் கரையில் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கும் வெறும் தழைதான் தெரியும். மூடுவதற்கு அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொடுக்காதீர்கள். முழங்கால் தண்ணீரில் சளக் சளக்கென்று வேகமாக நடந்து போங்கள். மூடாமலே முங்கிவிடும். முட்டைகள் திறந்து கிடக்கும், படத்துக்கு அது மிக வசதி. மறைக்கிற கோரையை ஒடித்துப்போடுங்கள். அருகில் ஒன்று, அகலமாக ஒன்று, உங்கள் முகமும் சேர்த்து ஒன்று. நீங்கள் எடுக்கும்வரை காகம் காத்திருக்கும். அதற்கு உங்களைவிடப் பொறுமை அதிகம்.

1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கி எடுத்தவரையும் லென்ஸ் எடுத்தவரையும் அது ஒரே வரியில் உட்காரவைக்கிறது. நீங்கள் “இயற்கை ஆர்வலர்” என்று வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். அது போதும்.

11. வீட்டுக்கு வந்து சரிசெய்யுங்கள்

இப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. வயலின் பச்சையை ஏற்றுங்கள், இன்னும் ஏற்றுங்கள். நெற்பயிர் இரவிலும் ஒளிவிட வேண்டும். வானம் சாம்பல் நிறமாக இருந்தால் வேறொரு வானத்தைப் பொருத்துங்கள். பத்தரை மணிக்கு எடுத்த படத்தில் பனிமூட்டம் சேருங்கள். நிழல் கடுமையாக விழுந்திருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

மின்கம்பியை அழியுங்கள். பனங்காடை காற்றில் உட்கார்ந்திருக்கும். அழகாகத்தான் இருக்கும். ஏரிக்கரையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில்களை அழியுங்கள். உங்கள் கூட்டம் போட்டதுதான், அதனால் உங்களுக்கு உரிமை உண்டு. பறவைப் படத்தில் இருந்து வயலை வெட்டுங்கள், வயல் படத்தில் இருந்து பறவையை வெட்டுங்கள். இரண்டும் ஒரே படத்தில் நின்றால் பார்க்கிறவர்கள் ஏதாவது தொடர்பு இருக்கிறதோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

12. விளக்கம் எழுதுங்கள்

எந்தப் பறவையானாலும் சைபீரியாவில் இருந்து வந்தது. சைபீரியா அலுத்துவிட்டால் ஆஸ்திரேலியா. சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் இந்த நாட்டிலேயே நீர் இருக்கும் இடம் தேடி ஏரிக்கு ஏரி மாறுகிறவை என்று யாராவது பின்னூட்டம் போட்டால் நீக்கிவிடுங்கள். பக்கத்து ஊர்ப் பறவைக்கு யார் லைக் போடுவார்கள்? நிஜமாகவே இமயமலையைத் தாண்டிக் கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து உங்கள் படத்தில் இருந்தால் அதற்கு “வாத்து” என்று மட்டும் எழுதுங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு. பழுப்பாக இருப்பதெல்லாம் ஏதோ ஒரு குருவி.

“சொல்ல வார்த்தைகள் இல்லை” என்று முடியுங்கள். பெயர் தெரியாதவர்களுக்கு மிகவும் உதவியான வாக்கியம் அது.

13. இடத்தைச் சொல்லிவிடுங்கள்

குளம், தோப்பு, மரம், கிளை வரை சரியான லொக்கேஷனைப் பதிவில் போடுங்கள். குழுக்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோப்பு வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்கும். அத்தனை பேரும் ஒன்று முதல் பத்து வரையிலான படிகளைச் செய்வார்கள். ஒருவர் கல் எறிந்தால்தான் அது தொந்தரவு. நூறு பேர் எறிந்தால் அதற்குச் சூழல் சுற்றுலா என்று பெயர்.

அந்த ஊர்க்காரர் யாராவது வந்து, “சார், கொஞ்சம் சத்தம் இல்லாம பாருங்க, கூடு வச்சிருக்கு” என்றால், “வனத்துறையா நீங்க?” என்று கேளுங்கள். அவர் பாட்டனுக்குப் பாட்டன் கலெக்டர் வரைக்கும் போனவராக இருக்கலாம். அதெல்லாம் உங்கள் பதிவில் வராது.

14. அடுத்த வருடத்துக்குத் தயாராகுங்கள்

அடுத்த ஐப்பசியிலும் மழை பெய்யும். குளம் நிறையும். நீங்களும் போவீர்கள். முக்குளிப்பான் இருக்காது. பதற வேண்டாம், காரணங்கள் தயாராக இருக்கின்றன: புவி வெப்பம், பூச்சிமருந்து, செல்போன் கோபுரம், வனத்துறையின் அலட்சியம். இவற்றில் சில உண்மையாகவும் இருப்பதால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். வேதனையோடு ஒரு பதிவு போடுங்கள். போன வருடம் எடுத்த முட்டைப் படத்தை அதோடு சேருங்கள். அதற்கு இப்போது அரிய ஆவணம் என்ற மதிப்பு வந்துவிட்டது.

பிறகு, இத்தனை அனுபவத்தையும் வீணாக்காமல் ஒரு பயிலரங்கம் நடத்துங்கள். கட்டணம் வையுங்கள், சான்றிதழ் கொடுங்கள், இன்னும் யாருக்கும் தெரியாத ஏரி ஒன்றுக்கு எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப்போங்கள். பாடத்திட்டத்துக்கு இந்தப் படிகளையே அச்சடித்துக் கொடுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெயரை மட்டும் எங்கும் போட்டுவிடாதீர்கள்.